வெறுங் காற்றும் வளியுருளையும்

விழா மலரொன்றிலே தமிழாசிரியர் எழுதும் கட்டுரை எதைப் பற்றியதாக இருக்கும் என்பதை அன்பர்கள் முன்கூட்டியே அறிவர். சங்க இலக்கியத்தில் ஒரு துறை, கம்பன் காட்டிய ஒரு காட்சி, நாவலர் பெருமானின் கல்விப்பணி ஆகியவற்றுள் ஒன்றை எதிர்பார்த்தே பக்கத்தைப் புரட்டுவர். இம்முறை அவர்களை ஏமாற்ற வேண்டியவராயினோம். நாம் எழுதப் புகுந்தது வளித் துப்பாக்கியிற் பூட்டப்படும் காற்றுச் சிலிண்டரைப் பற்றியதாகும். இலக்கணம் படிப்பிப்பவருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்து இறுதிவரை படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

இவ்விழாவையொட்டிக் கடல்கடந்த நாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர், பத்து மீற்றர் வளித் துப்பாக்கிச் சுடுதலை எமது கல்லூரியில் ஒரு விளையாட்டாகத் தொடக்கிவைக்க விரும்பி, துப்பாக்கிகளையும் அவற்றுக்குரிய சிலிண்டர்களையும் வழங்க முன்வந்துள்ளனர் என அறிகின்றோம். தாம் படித்த கல்லூரியைத் தூரதேசத்திலிருந்தும் மறவாத அவர்தம் அன்பு போற்றற்குரியது. அந் நன்கொடையைக் கல்லூரி ஏற்கலாம் என்பதே எமது கருத்து. ஆயின் துப்பாக்கி வந்து சேருமுன்னர், சிலிண்டரைப் பேணும் ஒழுங்குகள் இங்கு வந்து சேர்ந்திருத்தல் வேண்டும் என்பதும் எமது உறுதியான கருத்தாகும். இவ்வுறுதி எமக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதை முதலிற் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். அப்பாடசாலைக்கு அன்பரொருவர் தாம் பயன்படுத்திய வளித் துப்பாக்கியொன்றையும் இரண்டு சிலிண்டர்களையும் கொணர்ந்து வழங்கினார். கூடவே ஆங்கிலத்தில் அச்சிட்ட கைந்நூலொன்றும் இருந்தது. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அதனை எம்மிடம் தந்து, பிள்ளைகள் விளங்கிக்கொள்ளத்தக்க தமிழில் ஆக்கித் தருமாறு கேட்டார். நாமும் ஒப்புக்கொண்டு, ஓய்வு வேளைகளில் ஒவ்வொரு பக்கமாக எழுதி வந்தோம்.

ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எம் மேசையருகில் வந்து நின்று, “சேர், இது வெடிக்குமா?” என்று கேட்டான். நாம் தலைநிமிராமலே, “வெறுங் காற்றுத்தானே, தம்பி, வெடிக்க இதற்குள் மருந்தா இருக்கிறது?” என்று விடை பகர்ந்தோம். அவன் அமைதியடைந்து சென்றான். ஆசிரியர் சொல்லிவிட்டால் மாணவனுக்கு அது போதுமல்லவா?

அடுத்த நாள் நாம் தமிழாக்க வேண்டிய பக்கத்திலே, உருவாக்கிய திகதியிலிருந்து பத்து ஆண்டுகள் கடந்த சிலிண்டரை எக்காரணத்தைக் கொண்டும் பயன்படுத்தலாகாது என்றும், அது வெடித்து உயிராபத்தை விளைவிக்கக்கூடும் என்றும் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. எழுதுகோலை வைத்துவிட்டு விளையாட்டு அறைக்குச் சென்று, சிலிண்டரை எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். உலோகத்திற் பொறித்திருந்த ஆண்டிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. நல்லூழாக அமுக்கமானி பூச்சியத்தைக் காட்டியது. பொறுப்பாசிரியரிடம் ஓடிச் சென்று கூறியபோதே மற்றொரு செய்தியும் தெரியவந்தது. அந்தச் சனிக்கிழமை மாணவர் சிலர் அச் சிலிண்டர்களை வெல்டிங் பட்டறையொன்றுக்குக் கொண்டு சென்று நிரப்புவிக்க ஒழுங்கு செய்திருந்தனராம். பட்டறையிலே இருப்பது காற்றன்று, ஒட்சிசன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அதனால் என்ன கேடு என்பது தெரியாது. எமக்கும் அன்று தெரியாது.

பொறுப்பாசிரியர் அன்றே அவ்விரண்டு சிலிண்டர்களும் வெறுமையானவை என்பதை மறுபடியும் உறுதிசெய்து, இனி எவரும் பயன்படுத்த இயலாதவாறு அவற்றை இருகூறாக அறுப்பித்துவிட்டார். அதனைப் பார்த்துநின்ற மாணவனொருவன், “பார்க்கப் புதிதாகத்தானே இருந்தது, சேர்” என்று வருந்தினான். அவன் வருத்தத்திலும் எம்மை உறுத்தியது எம் வாயிலிருந்து வந்த “வெறுங் காற்று” என்னும் சொல்லே. சொல்லைக் கற்பிக்கும் தொழிலுடையோம், சொல்லாலேயே ஒரு பிள்ளையை ஆபத்தை நோக்கி அனுப்பியிருந்தோம். ஆதலின் இக்கட்டுரை ஒருவகையிற் கழுவாய் என்றும் கொள்ளலாம்.

இனி, அக்காற்று எத்தகையது என்பதைப் பார்ப்போம். காற்றை அடக்கிச் சுடும் துப்பாக்கி புதியதன்று. ஒஸ்திரிய நாட்டிலே ஜிராந்தோனி என்பார் அமைத்த காற்றுத் துப்பாக்கியை அந்நாட்டுப் படையினர் 1780ஆம் ஆண்டளவிற் பயன்படுத்தினர். அதன் அடிக்கட்டையே காற்றை அடக்கும் இரும்புக் கலமாக இருந்தது. அதனை நிரப்புவதற்குக் கைப்பம்பியால் ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். கலங்கள் இலகுவிற் பழுதடைந்தமையும் நிரப்புவதிலிருந்த தொல்லையும் அத்துப்பாக்கி நீடித்து நிலவாமைக்குக் காரணங்களாயின. காற்றை அடக்குதல் அன்றும் எளிதாக இருக்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

இக்காலத்திற் பத்து மீற்றர்ப் போட்டி 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவிலே இடம்பெறத் தொடங்கியது. வீரர் நின்றபடி, 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு ஈயக் குண்டை, பத்து மீற்றர் தூரத்திலுள்ள இலக்கினை நோக்கிச் சுடுவர். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் விட்டமே உடையது. எழுத்தாணியின் கூர்முனையால் ஓலையில் இட்ட புள்ளியெனலாம். 2008இல் பீஜிங்கில் இப்போட்டியில் வென்ற அபினவ் பிந்திராவே இந்திய நாட்டுக்குத் தனிநபர் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை முதன்முதற் பெற்றுக் கொடுத்தவர். டோக்கியோ ஒலிம்பிக் விழா 2021இல் நடைபெற்றபோது எமது நாட்டின் சார்பில் தெஹானி எகொடவெல இப்போட்டியிற் பங்குபற்றினார். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் என்னும் தமிழ் நங்கை டோக்கியோவிலும், 2024இல் பாரிஸிலும் இந்திய அணியில் நின்று சுட்டார். இத்துணை அழகிய தமிழ்ப் பெயர் உலக அரங்கில் ஒலித்தமை தமிழாசிரியராகிய எமக்குத் தனி மகிழ்ச்சி.

துவக்கு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே எம் ஊர்த் தாய்மார் பலருடைய முகம் வாடிவிடும் என்பதை நாம் அறியாதோமல்லோம். 2009 வரை நீண்ட போரிலே அச்சொல் எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்தது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாமும் அக்காலத்திலேயே பிள்ளைப் பருவத்தைக் கழித்தோம். ஆகவே இவ்விளையாட்டுக்கு ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் பெறப்படல் வேண்டும். அரசாங்க அனுமதிகள் யாவும் முறைப்படி பெறப்படல் வேண்டும். விரும்பாத பெற்றோரை வற்புறுத்துதல் தகாது. மூச்சையும் மனத்தையும் ஒருவழிப்படுத்தும் பயிற்சியாக இவ்விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நன்மை தரும் என்றே நாம் நம்புகின்றோம். எனினும் அந்நன்மை, அச்சத்தை அறிந்து மதிக்கும் கைகளாலேயே தரப்படல் வேண்டும்.

நிற்க. 1984ஆம் ஆண்டளவிற் பெருவழக்கிலிருந்த போட்டித் துப்பாக்கிகள் வில்லின் விசையாற் காற்றைத் தள்ளுவன, அல்லது நெம்புகோலை ஒருமுறை அழுத்தி அவ்வொரு சூட்டுக்கு வேண்டிய காற்றை மட்டும் அடைப்பன. அவற்றிலே சுட்டபின் எஞ்சியிருக்கும் காற்று இல்லை. பின்னர்க் காபனீரொட்சைட்டு நிரப்பிய கலங்கள் வந்தன. அதன்பின் வந்தவையே இன்று எங்கும் காணப்படும் அமுக்கிய காற்றுச் சிலிண்டர்கள். குழலின் கீழே நீண்ட குழாய்போலப் பூட்டப்படும் இச் சிலிண்டரை ஒருமுறை நிரப்பினால் ஒரு போட்டி முழுவதும் சுடலாம். அதன் வசதி இது. அதன் அபாயமும் இவ்வசதியிலேயே அடங்கியுள்ளது.

சிலிண்டரினுள்ளே வழக்கமாக நிரப்பப்படும் அமுக்கம் 200 பார். எம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அமுக்கம் ஏறத்தாழ ஒரு பார். மோட்டார்க் காரின் சக்கரத்தில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேற்பட்டது. எனவே ஆண்பிள்ளையின் முன்கையளவான அக்குழாயினுள் காரின் சக்கரத்தினும் நூறு மடங்கு அளவிலான அமுக்கம் குடிகொண்டிருக்கின்றது. ஒரு பார் என்பது ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஒரு கிலோகிராம் நிறையை ஏற்றியதற்கு ஏறக்குறையச் சமம். கட்டைவிரல் நகத்தளவான இடத்திலே நான்கு சீமெந்து மூடைகளை அடுக்கினாற் போன்ற பாரத்தை, அச்சிலிண்டரின் உட்சுவர் ஒவ்வொரு நகத்தளவிலும், இரவும் பகலும், அலுமாரிக்குள்ளே உறங்கும்போதும், தாங்கிக்கொண்டு நிற்கின்றது.

மாணவர்க்கு இன்னொரு கணக்கையும் கூறுவோம். 0.2 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் அடைபட்ட காற்று, வெளியே விரிந்தால் ஏறத்தாழ 40 லீற்றர் இடத்தை நிரப்பும். அது கண நேரத்தில் விரியுமாயின் வெளிப்படக்கூடிய சக்தி ஏறக்குறைய 7,800 யூல். குழலிலிருந்து புறப்படும் ஈயக் குண்டொன்றின் சக்தியோ ஏழரை யூல் அளவினதே. அஃதாவது, நாம் அஞ்சி விலகி நிற்கும் குண்டினும் ஆயிரம் மடங்கு சக்தி, நாம் அஞ்சாது கையிற் பிடித்திருக்கும் சிலிண்டரினுள் உள்ளது. 80 கிலோகிராம் நிறையுடைய ஒருவரைப் பத்து மீற்றர் உயரத்துக்கு, ஒரு நடுத்தரப் பனையின் அரைவாசிக்கு, தூக்கியெறியப் போதுமான சக்தி அது. குண்டு எத்திசையிற் செல்லும் என்பது தெரியும். சிலிண்டர் பிளந்தால் அதன் துண்டுகள் எத்திசையிற் செல்லும் என்பதை யாரும் கூறமுடியாது. மயிலிறகை வண்டியில் ஏற்றிய வள்ளுவர் உவமையை எம் மாணவர் அனைவரும் மனப்பாடமாக அறிவர். மெல்லிய பொருளெனினும் மிகுதியாற் கொல்லும் என்பதற்குக் காற்றைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் வேறு யாதுளது?

இனி உலோகத்தைப் பற்றி. “பார்க்கப் புதிதாகத்தானே இருந்தது” என்று அம்மாணவன் கூறியதில் ஒரு பெரும் மயக்கம் உளது. சிலிண்டரை நிரப்பும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவிற்கு விரிகின்றது. காற்று வெளியேறச் சுருங்குகின்றது. ஓர் இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் இறுதியில் முறிவதை நாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம். அதுபோலவே ஒவ்வொரு நிரப்பலும் உலோகத்திற் சிறிது களைப்பை விட்டுச் செல்கின்றது. அலுமினியத்திலே இக்களைப்புச் சேர்ந்துகொண்டே போகும் இயல்பினது. அதனால் உண்டாகும் மயிரிழை போன்ற வெடிப்புப் பெரும்பாலும் கழுத்துத் திருகின் உட்புறத்திலேயே தோன்றும். வெளியிலுள்ள மினுக்கம் அதனைக் காட்டாது. உருக்குச் சிலிண்டராயின், காற்றோடு புகுந்த ஈரம் உள்ளே துருவாகும். கடலில் மூழ்குவோர் பயன்படுத்திய சில அலுமினியச் சிலிண்டர்களில் இத்தகைய கழுத்து வெடிப்புகள் காணப்பட்டமையால், அவற்றுக்கு உபயோகித்த கலப்புலோகமே பிற்காலத்திற் கைவிடப்பட்டது.

பொறித்த திகதியை ஒரு சம்பிரதாயம் என்று கருதுவோர் 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாளை அறிதல் வேண்டும். அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறொக்டன் நகரிற் பாதணித் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அன்று இயங்கிக்கொண்டிருந்தது பழைய கொதிகலன். புதியதற்குத் துணையாக வைத்திருந்து, வேண்டும்போது மூட்டப்பட்டது. அவ்வழிவின் பின்னரே அம்மாநிலம் கொதிகலன்களுக்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கமும் அமுக்கக் கலங்களுக்குரிய தன் விதித்தொகுதியை 1915இல் வெளியிட்டது. உலோகத்திற் பொறித்திருக்கும் அமுக்கமும் ஆண்டும், முன்னே மாண்டவர்களின் பொருட்டுப் பின்னே வருவோர்க்கு எழுதப்பட்ட வரிகளாகும். அவற்றைப் படியாது விடுதல் கல்விக்கு அழகன்று.

சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் விதிகளும், சிலிண்டர் அதன் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், அக்காலம் மிகக்கூடியது பத்து ஆண்டுகளே என்றும், அதற்குப் பொறுப்பாளி வீரரே என்றும் கூறுகின்றன. பொறுப்பை வீரர்மேற் சுமத்தியது சிந்திக்கத்தக்கது. வீரர் பாடசாலைப் பிள்ளையாயின் அப்பொறுப்பு ஆசிரியராகிய எம்மீதே வந்து விழுகின்றது.

நிரப்புங்கால் நேரக்கூடிய தவறுகளுள் தலையாயது ஒட்சிசனை நிரப்புதல். காற்றில் ஐந்திலொரு பங்கே ஒட்சிசன். அதனைத் தனியே பிரித்து உயர்ந்த அமுக்கத்திற் செலுத்தினால், எண்ணெய், கிறீஸ், இறப்பர் வளையம் ஆகியவை யாவும் அதற்கு விறகாகிவிடும். வாயு திடீரென அமுக்கப்படும்போது உண்டாகும் வெப்பமே தீமூட்டப் போதுமானது. டீசல் இயந்திரம் இயங்குவதும் இவ்விதியாலேயே. வெல்டிங் பட்டறையும் வைத்தியசாலையும் இல்லாத பட்டினம் எமது நாட்டில் இல்லை. ஆதலின் ஒட்சிசன் சிலிண்டர் எவர் கண்ணிலும் படும். தூய காற்று நிரப்பும் நிலையமோ அரிது. இவ்வருமையே எம் பிள்ளைகளைத் தவறான வாயிலுக்கு அழைத்துச் செல்லும். வாயுக்களை மாறி நிரப்பாதிருக்கவே ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு திருகு வைத்துள்ளனர். பொருந்தாத திருகை ஓர் இடைத்துண்டு வைத்துப் பொருத்துகின்ற கெட்டித்தனம், காவற்காரனைக் கட்டிவைத்துவிட்டு வீட்டினுட் புகுவதற்கு ஒப்பாகும்.

எமது கரைகளிலே சங்கு குளிப்போரும் கடலட்டை பிடிப்போரும் முதுகிற் சுமக்கும் சிலிண்டர்களில் உள்ளது காற்றே. அத்தகைய பெரிய சிலிண்டரிலிருந்து துப்பாக்கியின் சிலிண்டரை நிரப்பும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆயினும் இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. பெரிய சிலிண்டர் 300 பார் வரை நிரப்பப்பட்டதாயிருக்கலாம். 200 பாருக்கு அமைந்த சிறிய சிலிண்டரை அதனோடு இணைத்து வால்வைத் திறந்துவிட்டு வேறு கதை பேசுவோமாயின், சிறியது தன் எல்லையைக் கடந்துவிடும். அன்றியும் பெரிய சிலிண்டரும் குறித்த காலத்துக்கொருமுறை நீரமுக்கப் பரிசோதனைக்கு உட்பட்டதாதல் வேண்டும். அப்பரிசோதனையைக் காற்றால் நடத்தாது நீரால் நடத்துவதேன் எனில், நீர் அமுக்கத்தாற் சுருங்குவது மிக அரிது. ஆகவே கலம் பிளந்தாலும் நீர் விரிந்து பாயாது. காற்றின் அபாயத்தை அறிஞர் எவ்வாறு மதித்துள்ளனர் என்பதற்கு இதுவே சான்று.

நிரப்பும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலிற் பொறித்த ஆண்டையும் அமுக்கத்தையும் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். பின்பு அடிபட்ட குழி, ஆழ்ந்த கீறல், திருகுத் தேய்வு உண்டோ என நோக்குதல் வேண்டும். உண்டாயின் அத்துடன் நிறுத்துதல் வேண்டும். அமுக்கமானியும் மிகுதிக் காற்றை வெளிவிடும் திருகும் உடைய இணைப்புக் குழாயையே பயன்படுத்துதல் வேண்டும். வால்வை மிக மெதுவாகத் திறந்து, கண்ணை அமுக்கமானியிலேயே வைத்திருத்தல் வேண்டும். சிலிண்டரின் முனைக்கு நேரே எவரும் நிற்கலாகாது. நிரம்பியதும் வால்வை மூடி, குழாயிலுள்ள காற்றை வெளிவிட்ட பின்னரே இணைப்பைக் கழற்றுதல் வேண்டும். காற்றுக் கசியுமாயின், அமுக்கம் உள்ளபோதே சாவியால் இறுக்க முற்படுதல் பெருந்தவறு. சாதாரண எண்ணெயோ கிறீஸோ அருகில் வரலாகாது. தயாரித்தவர் குறிப்பிட்ட மசகு மட்டுமே ஆகும். கழற்றக்கூடிய சிலிண்டரா, துப்பாக்கியோடு ஒன்றாயமைந்த கலமா என்பதை அறியாது எத் திருகையும் தொடுதல் கூடாது.

வெயிலையும் மறக்கலாகாது. 27 பாகை வெப்பநிலையில் 200 பாராக இருந்த அமுக்கம், மூடிய காரினுள் 67 பாகைக்கு ஏறுமாயின் ஏறத்தாழ 227 பாராகும். இது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நொடியிற் செய்யும் கணக்கு. கணக்கைச் செய்யத் தெரிந்த பிள்ளை சிலிண்டரைக் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதிருத்தலே பௌதிகம் படித்ததன் பயன். விமானத்திற் கொண்டுசெல்லும்போதோ காற்றை முற்றாக வெளியேற்றி, விமான நிறுவனத்தார் கூறும் முறைப்படி நடத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு, “இத்துணை அச்சம் எதற்கு? வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கானோர் சுடுகின்றனர், ஒன்றும் நேர்வதில்லையே” என்று சிலர் கூறக்கூடும். அவர் கூற்றில் உண்மையுண்டு. முறைப்படி பேணப்படும் சிலிண்டர் பாதுகாப்பானதே. ஆயின் அங்கே ஒன்றும் நேராதிருப்பது, அங்கே திகதியைப் பார்ப்பவரும், காலங்கடந்ததை அகற்றுபவரும், தூய காற்று நிரப்பும் நிலையங்களும் உள்ளமையாலன்றோ? பொருளை மட்டும் இங்கே அனுப்பி, அப்பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டால், அங்கு கிடைக்கும் பாதுகாப்பு இங்கு கிடையாது. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிற் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நாடெங்கும் நிகழ்ந்தபோது, தம் குசினியிலே பல காலம் இருந்த சிலிண்டரைப் பற்றித் தாம் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்று எல்லோரும் திகைத்தனர். அத்திகைப்பு அதற்குள் மறந்துபோகலாமா?

“பத்தாண்டு என்றால் பதினோராம் ஆண்டின் முதல் நாளே வெடித்துவிடுமா?” என்று வாதிப்போரும் உளர். வெடியாதிருக்கலாம், பதினைந்தாம் ஆண்டிலும் வெடியாதிருக்கலாம். ஆயினும் எந்நாளில் வெடிக்கும் என்பதை யாரும் அறியார். அறியாத நாளுக்கு முன்னே, அறிந்த நாளொன்றை எல்லையாக நட்டு வைத்தலே திகதியின் பொருள். தம் சொந்தக் கையில் வைத்துச் சோதிக்க விரும்பும் முதியவர் அவ்வாறு செய்யட்டும்; பிறர் பெற்ற பிள்ளையின் கையில் வைத்துச் சோதிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆதலின் பழைய மாணவர்களாகிய அன்பர்களிடம் எம் வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். பயன்படுத்திய சிலிண்டரை அனுப்பவேண்டா. புதியதாயினும், எட்டு ஆண்டுகளாவது எஞ்சியிருப்பதாகப் பார்த்து அனுப்புக. இரண்டு துப்பாக்கிகளை அனுப்பும் பணத்தில் ஒன்றை அனுப்பி, மிகுதியில் முறையான நிரப்புக் குழாயையும் கைப்பம்பியையும் வாங்கி அனுப்புக. வெள்ளிவிழாவுக்கும் பொன்விழாவுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள் செல்லும்; அதற்குள் ஒரு சிலிண்டர் இருமுறை மாற்றப்படல் வேண்டும். அம்மாற்றத்துக்கு வேண்டிய பணத்தை இப்போதே ஒரு நிதியாக வைத்திடுக. நன்கொடைப் பலகையிற் பெயர் பொறித்தல் நன்று. சிலிண்டரிற் பொறித்த ஆண்டை நினைவில் வைத்தல் அதனினும் நன்று.

கல்லூரி நிருவாகத்தினர்க்கும் சக ஆசிரியர்க்கும் கூறுவது இதுவே. தொடக்க ஆண்டுகளில், நெம்புகோலால் ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றை அடைக்கும் துப்பாக்கிகளைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கலாம். நிற்றலையும் மூச்சையும் விரல் அசைவையும் கற்பதற்கு அவை போதும். பிள்ளைகள் தேர்ந்து போட்டிக்குச் செல்லும் காலத்திற் சிலிண்டர் வரட்டும். வரும்போது ஒரு பதிவேடு தொடங்கப்படுக. ஒவ்வொரு சிலிண்டரின் இலக்கம், பிறந்த ஆண்டு, அகற்ற வேண்டிய நாள், நிரப்பிய ஒவ்வொரு தடவையும் நிரப்பியவர் கையொப்பம் ஆகியன அதிலிருத்தல் வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் முன்னிலையிலன்றி எந்தப் பிள்ளையும் நிரப்பலாகாது. அவ்வாசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது பதிவேடும் அறிவும் அடுத்தவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்படல் வேண்டும். எமது பாடசாலைகளிற் பல நற்பணிகள் ஓர் ஆசிரியரின் மாற்றலோடு அழிந்தமையை நாம் பலகாற் கண்டிருக்கின்றோம்.

தமிழாசிரியராகிய எமக்குரிய பணியும் ஒன்றுண்டு. எச்சரிக்கை யாவும் பிள்ளை கனவு காணும் மொழியில் எழுதப்படல் வேண்டும். ஆங்கிலக் கைந்நூலை அலுமாரியிற் பூட்டிவைப்பது எச்சரித்ததாகாது. தொடங்கிய அத்தமிழாக்கத்தை நாம் பின்னர் முடித்து வைத்திருக்கின்றோம். கல்லூரி விரும்பினால், விஞ்ஞான ஆசிரியர்கள் சரிபார்த்துத் திருத்திய பின்னர், பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டித் தருவோம். அதன் முதல் வரியாக எதனை இடுவது என்பதைப் பற்றி எமக்கு ஐயமில்லை: திகதியைப் படி.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். “இது வெடிக்குமா?” என்று அன்று எம்மைக் கேட்ட மாணவன் கேட்டது நல்ல கேள்வி, பிழை விடையிலேயே இருந்தது. ஆசிரியர் சொன்னாரென்று அமைதியடைந்துவிடாதீர்கள். எதில் எழுதியிருக்கின்றது, எங்கே பார்த்தீர்கள் என்று பணிவோடு மறுபடியும் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் பிள்ளையை வெகுளாது, தெரியாவிடின் தெரியாதென்று கூறி, உடன் சென்று பார்க்கும் ஆசிரியர்கள் இக்கல்லூரியில் என்றும் இருப்பாராக.

கல்லூரி மேன்மேலும் ஓங்குக! அதன் பிள்ளைகள் ஊறின்றி நெடுங்காலம் வாழ்க!